நாற்காலியா, பெரட்டா?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில வீடுகளில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. வேறு ஒரு பிராணி ஓடி விளையாடுகிறது. அதன் பெயர் "பெரட்."

பார்ப்பதற்குக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் கீரி இனம் அல்ல, நீர்நாய்க்குத்தான் உறவு. நீண்ட உடல், குட்டைக் கால்கள். ஆண் பெரட் 2 கிலோ வரை இருக்கும். பெண் அதில் பாதிதான்.

இது பலே திருடன்! சாவிக்கொத்து, காலுறை, செருப்பு எது கிடைத்தாலும் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைத்துவிடும். "குட்டித் திருடன்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்துதான் "பெரட்" என்ற பெயரே வந்தது.

திருட்டுப் போனதைத் தேடி எடுத்துவிடலாம். திருடனின் உயிரைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு!

வளை தேடும் குணம்

ஐரோப்பாவில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் பெரட்டை வளர்க்கிறான். முதலில் செல்லத்துக்காக அல்ல; முயல் பிடிக்க! பெரட்டை முயல் வளைக்குள் விடுவார்கள். முயல் அலறிப் புடைத்துக்கொண்டு மறு வாசலில் பாயும். அங்கே வலை காத்திருக்கும். இங்கிலாந்துக் கிராமங்களில் இன்றும் இந்த வேட்டை உண்டு.

பட்டணத்து வீட்டில் முயல் ஏது? வளை ஏது? ஆனால் பிறவிக் குணம் போகுமா? இருட்டாக ஒரு சந்து இருந்தால் அதுதான் வளை. தலை நுழைந்தால் போதும், பின்னாலேயே உடம்பும் போய்விடும். 1 அங்குல இடைவெளியைக்கூட நம்ப முடியாது.

ஆகவே பெரட் வாங்குகிறவர்கள் முதலில் தரையில் குப்புறப் படுக்கிறார்கள். சிரிக்க வேண்டாம்! நின்று பார்த்தால் தெரியாத ஓட்டை படுத்துப் பார்த்தால் தெரியும். அலமாரிக்கு அடியில், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் என்று கையில் விளக்குடன் தேடுகிறார்கள். ஓட்டைகளைப் பலகையால் அடைக்கிறார்கள். சமையல் அறைப் பக்கம் பெரட்டை விடுவதே இல்லை.

எமன் நாற்காலி

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து எது தெரியுமா? வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிப் போட்ட சாய்வு நாற்காலி!

நம் ஊர் ஈஸிசேர் அல்ல இது. மெத்தை தைத்தது. சாய்ந்தால் முதுகு பின்னால் போகும். கால் பலகை முன்னால் எழும்பும். உள்ளே இரும்புச் சட்டங்கள் கத்தரி போல விரிந்து மடங்கும். அந்த இருட்டு பெரட்டுக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே புகுந்து தூங்கிவிடும்.

அதன் தூக்கமும் சாதாரணத் தூக்கம் அல்ல. ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். சில சமயம் கையில் தூக்கினாலும் விழிக்காது. "செத்துவிட்டதோ!" என்று புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப் போவது உண்டு. காலடிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடும் என்று எதிர்பார்க்க முடியுமா?

வேலை முடிந்து களைப்போடு வருகிறவர் நாற்காலியில் சாய்கிறார். அவ்வளவுதான்! இப்படி மாண்ட பெரட்டுகள் பல. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரே பேச்சாகச் சொல்கிறார்கள்: நாற்காலி வேண்டுமா, பெரட் வேண்டுமா, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்!

அழுக்குத் துணிக் குவியலும் ஆபத்துதான். துணியோடு துணியாகப் பெரட்டும் சலவை இயந்திரத்துக்குள் போய்விடலாம்.

ரப்பர் மோகம்

பெரட்டுக்கு ரப்பர் என்றால் உயிர். பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர், செருப்பின் அடி, பஞ்சு போன்ற மெத்தை ரப்பர் எல்லாவற்றையும் கடித்து விழுங்கும். துண்டு குடலில் அடைத்துக்கொள்ளும். பிறகு தீனி எடுக்காது, சுருண்டு படுத்துவிடும். பல சமயம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பெரட் உள்ள வீட்டில் பிள்ளைகள் பள்ளிப் பையைத் தரையில் போடக்கூடாது!

வெயிலும் ஆகாது. வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் முடியாது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமே உயிருக்கு ஆபத்து.

இன்னொரு விசித்திரம். மனிதனின் புளூ காய்ச்சல் பெரட்டுக்கும் தொற்றும். 1933-ல் லண்டன் விஞ்ஞானிகள் மனிதரைத் தாக்கும் புளூ கிருமியைக் கண்டுபிடிக்க உதவியது பெரட்தான். ஆகவே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பெரட்டைக் கொஞ்சாமல் தள்ளி இருப்பது நல்லது.

பெரட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது. பற்கள் ஊசி! கைக்குழந்தையின் அருகில் அதைத் தனியே விடவே கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்களில் இதைச் செல்லப் பிராணியாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை.

கீச்... கீச்...

எவ்வளவு அடைத்தாலும் ஒருநாள் பெரட் காணாமல் போகும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் "கீச்" என்று கத்தும் பொம்மை ஒன்று. அதை அமுக்கும்போதெல்லாம் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துப் பழக்குகிறார்கள். பெரட் கண்ணில் படவில்லை என்றால் அந்த வீட்டில் யாரும் சோபாவில் உட்காரக்கூடாது. சலவை இயந்திரத்தைத் தொடக்கூடாது. வீட்டுக்காரி பொம்மையை அமுக்கிக்கொண்டே அறை அறையாகப் போகிறாள். எங்கோ ஒரு மூலையில் இருந்து தூசி படிந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்க்கும். அதன் பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம்!