முதல் ரைஃபிள்: காசு கொடுக்கும் முன் கவனியுங்கள்!

வந்தவாசி என்றாலே 1760-ல் நடந்த போர்தான் நினைவுக்கு வரும். இன்று அந்த ஊர்ப் பிள்ளை துப்பாக்கி கேட்டால், அது பதக்கக் கனவாக இருக்கலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவராயிற்றே!

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைத் தேட வேண்டாம். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் அது கிடைக்காது. இளவேனில் சுடுவதும் ஏர் ரைஃபிள்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு 4.5 மி.மீ. குண்டு, 10 மீட்டர் தூரம், தகுதிச் சுற்றில் 60 ஷாட். இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்!

போட்டித் தர ரைஃபிளின் விலை லட்சங்களில். அதனால் முதலில் கிளப் ரைஃபிளில் சில மாதங்கள் பழகட்டும். தோளுக்குப் பொருந்துகிறதா, எடையைத் தாங்க முடிகிறதா, ஆர்வம் நீடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயிற்சியாளரைக் கேட்டு வாங்கலாம்.