சட்டத்துக்குள் அடைபட்ட மலை

பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பழைய சீன வணிகர் மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தவர்கள் அந்த நாற்காலிகளைக் கவனித்திருப்பார்கள். கரிய மரம், ஓரமெல்லாம் முத்துச்சிப்பி வேலைப்பாடு, முதுகு சாயும் இடத்தில் வட்டமாக ஒரு பளிங்குப் பலகை. கல் நல்ல கல்லாக அமைந்துவிட்டால் அந்த வட்டத்துக்குள் ஒரு மலைத்தொடரே தெரியும். அடிவாரத்தில் பனிமூட்டம், உச்சியில் மழை இறங்கப்போகிற வானம். யாரும் தூரிகை வைக்கவில்லை, கல்லே அப்படித்தான். வெக்கைக்கு முதுகில் ஜில்லென்று இருக்கும் என்பது பதித்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

இந்த ரசனைக்குப் பிறந்த வீடு சீனாவின் தென்மேற்கு மூலையில், யுன்னான் மாகாணத்து டாலி நகரம். ஒரு பக்கம் எர்ஹாய் ஏரி. மறுபக்கம் 19 சிகரங்களோடு நிற்கும் சாங்ஷான் மலை. அதில் உயரமானது 4,122 மீட்டர். சீனத்தில் பளிங்குக்கே பொதுப்பெயர் 'டாலிக் கல்'தான். சுண்ணாம்புப் பாறை பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பளிங்காகும்போது, தூய பகுதி வெண்மையாகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட கரிமப் பொருள் கறுப்பும் சாம்பலுமாக ஓடுகிறது. பச்சை நிறக் கனிமங்கள் பச்சையாகவும், இரும்பின் துரு செம்பழுப்பாகவும் படிகின்றன. பாறை மடங்கி நெளிந்தபோது இந்த வண்ணங்களும் சேர்ந்தே நெளிந்தன. நாம் 'மலைத்தொடர்' என்று வியக்கும் கோடு அந்த நெளிவின் குறுக்குவெட்டு.

டாலிக் கல்லை வெட்டுகிறவர்கள் அதில் சில வகைகளைச் சொல்வார்கள். மேகச் சாம்பல் என்பது சாதாரண ரகம்; ஏரி அலை, தூரத்து மேகம் எல்லாம் இதில் வரும். பச்சைப் பூ, கோடை மலைக்கு. இலையுதிர்ப் பூ, பழுப்பும் மஞ்சளுமாக. எல்லாவற்றுக்கும் மேலே மைப்பூ. வெள்ளைத் தளத்தில் கறுப்பு மட்டும், அதுவும் ஒரு முனையில் அடர்ந்து மறுமுனையில் கரைந்து போக வேண்டும். நல்ல மைப்பூப் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். கறுப்புக் கோட்டின் மேல்விளிம்பு கத்தி வைத்தது போல் நறுக்கென்று இருக்கும். கீழ்விளிம்பு பஞ்சாகப் பிரிந்து வெள்ளையில் மறையும். மலை முகடு மேலே தெளிவாகவும் அடிவாரம் மூட்டத்தில் கலைந்தும் தெரிவது இதனால்தான். தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அதே கல்லில் மலையும் இல்லை, மூட்டமும் இல்லை. வெறும் கறை.

ஆக, எங்கே வெட்டுவது, எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. அங்கே தலைமுறைகளாக இதைச் செய்துவருபவர்கள் பாய் இனத்துக் கல்தச்சர்கள். அந்தக் காலத்தில் பல் இல்லாத இரும்புத் தகட்டோடு மணலும் தண்ணீரும் சேர்த்து இழுத்து இழுத்து அறுத்தார்கள். இன்று வைரம் பதித்த ரம்பம். கருவி எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தர்பூசணிக் கடைக்காரர் போல ஓரத்தில் ஒரு துண்டு குத்தி எடுத்துக் காட்ட முடியாது. அறுத்த பிறகு மெருகேற்றும்போதும் படம் மாறிக்கொண்டே வரும். ஒரு மில்லிமீட்டர் கூடத் தேய்த்தால் சிகரம் மொண்ணையாகலாம், அல்லது இல்லாத அருவி ஒன்று வெளிப்படலாம். போதும் என்று கையை எடுப்பவர்தான் கைதேர்ந்தவர். இன்னொன்று, அறுத்த இடத்தின் இரு முகங்களும் கண்ணாடிப் பிம்பங்கள். 'உலகில் ஒன்றே ஒன்று' என்று விற்கப்படும் பலகைக்கு எங்கோ ஓர் இரட்டைப்பிறவி இருந்திருக்கும்.

இந்தக் கற்களுக்குப் புலவர் மதிப்பு வந்ததில் பெரும்பங்கு ருவான் யுவானுக்கு உண்டு. 1764இல் பிறந்த பேரறிஞர். 1826 முதல் 1835 வரை யுன்னானையும் குய்சோவையும் ஆண்ட தலைமை ஆளுநர். நிர்வாக வேலை போக மிச்ச நேரத்தில் அவர் டாலிப் பலகைகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, பழைய ஓவிய மேதைகளின் பாணியோடு ஒப்பிட்டு, கவிதையும் எழுதினார். கல் ஓவியங்களைப் பற்றித் தனி நூலே செய்தார். கல்லின் மூலையில் நாலு எழுத்துத் தலைப்பும் முத்திரையும் செதுக்குவது பெருவழக்கானது. தலைப்பைப் படித்த பிறகு நம் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். எனக்கென்னவோ தலைப்பில்லாத பலகைதான் நல்ல பலகை.

ஐரோப்பாவிலும் இதன் பங்காளி உண்டு. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை அறுத்தால் இடிந்த நகரங்களும் கோட்டைகளும் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஃபிலிப்போ நாப்போலெத்தானோ போன்ற ஓவியர்கள் கூச்சமில்லாமல் அதன் மேலேயே மனிதர்களையும் கப்பல்களையும் வரைந்து சேர்த்தார்கள். கல் பாதி, கை பாதி. சீன ரசனையில் அது பாவம். பிரெஞ்சு எழுத்தாளர் ரோஜே கயுவா இப்படிப்பட்ட கற்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் சேகரிப்பு இன்று பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அழகழகாகப் படம் போடலாம் என்றுதான் இந்தத் தலைப்பு என்னிடம் வந்தது. படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. சுவரில் மாட்டும் ஒரு சாண் மலைக்காக எவ்வளவு மலையை உடைத்திருப்பார்கள்?

இது இன்றைய சுற்றுச்சூழல்காரர்களின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்த முறையீடு உண்டு. மிங் பேரரசர் ஜியாஜிங்கின் அரண்மனை, திரைத்தட்டிகளுக்குப் பெரிய பெரிய டாலிப் பலகைகளை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டது. டாலியிலிருந்து பெய்ஜிங் நேர்கோட்டிலேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மலையும் ஆறும். யுன்னானின் ஆளுநராக இருந்த ஜியாங் சோங்லு, கல் திரைகள் கேட்பதை நிறுத்துங்கள் என்று பேரரசருக்கே விண்ணப்பம் எழுதினார். கேட்ட அளவில் கல் கிடைப்பது அரிது, எடுப்பதிலும் சுமப்பதிலும் மக்கள் சாகக் கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். அரண்மனை ரசனைக்கு எதிராக ஓர் அதிகாரி வாய் திறப்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. பயண எழுத்தாளர் ஷூ ஷியாகே 1639இல் டாலிக்கு வந்து, சோங்ஷெங் கோயிலில் இருந்த பலகைகளைப் பார்த்துச் சொக்கிப்போனதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஜியாங் சோங்லுவின் விண்ணப்பத்தைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கணக்கு இப்படி. பாறையில் பூவுள்ள பகுதி எங்கோ ஒரு நரம்பாகத்தான் ஓடும். அதை எட்ட மேல்மண்ணையும் காட்டையும் வழித்தெடுக்க வேண்டும். எடுத்த கட்டியில் விரிசல் போனது, கலங்கல் போனது, அறுத்ததில் 'எதுவும் தெரியாதது' போனது என்று கழித்தால், சட்டம் போட்டு மாட்டும் தகுதிக்குத் தேறுவது கொஞ்சம். மீதி சரிவில் கொட்டப்படும். சாங்ஷானின் 18 ஓடைகள் எர்ஹாய் ஏரியில்தான் இறங்குகின்றன. சரிவில் கொட்டிய கல்லும் தூளும் மழையில் வேறெங்கே போகும்? சாங்ஷானும் எர்ஹாயும் 1994இல் தேசிய இயற்கைக் காப்பகமாயின. அதே ஆண்டு வந்த சீனக் காப்பக விதிகள், காப்பகத்துக்குள் கல் உடைப்பதைத் தடை செய்கின்றன.

தடை வந்தால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் போலி வரும். சாயம் ஏற்றிய கல், படம் அச்சடித்த கல் எல்லாம் சந்தைக்கு வரும். வாங்குகிறவர் பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். உண்மைக் கல்லில் கோடு விளிம்பிலும் இறங்கிப் பின்பக்கம் வரை போகும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம்.

'கட்டடத்துக்கு உடைக்கிற கல்லில் நல்லதை நாங்கள் காப்பாற்றுகிறோம், கல்தச்சர்களுக்கும் பிழைப்பு வேண்டாமா' என்பது சேகரிப்பாளர்கள் தரப்பு. பிழைப்பு வேண்டும்தான். அதற்காக மலை திரும்ப முளைக்காது.

மலையை உடைக்காத சேகரிப்பும் அதே நாட்டில் இருக்கிறது. நான்ஜிங் பக்கத்துக் கூழாங்கல் படுகைகளில் கிடைக்கும் 'மழைப்பூக் கற்கள்', உள்ளங்கைக்குள் அடங்கும் அகேட் கற்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு ரசிப்பார்கள். நனைந்தால்தான் உள்ளிருக்கும் மலையும் அந்தி வானமும் துலங்கும். ஆற்றோரம் குனிந்து பொறுக்கிய ஒரு கல்லுக்கு ரம்பமும் வேண்டாம், வெடியும் வேண்டாம். அதையே லாரியில் அள்ள ஆரம்பித்தால் கதை வேறு.

இதெல்லாம் சீனாக்காரர் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் உங்கள் சமையல் மேடையை ஒருமுறை பாருங்கள். ஊதாவும் பழுப்புமாக அலையலையாக ஓடும் 'பாரடைசோ' கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல். வெளிநாட்டு வீடுகளில் தரையாகக் கிடக்கும் 'கொலம்போ ஜுபரானா' கொழும்பிலிருந்து போனதல்ல; மேலூர்ப் பக்கத்திலிருந்து போனது. அந்த அலைகளைப் பார்த்துத்தான் உலகம் விலை கொடுக்கிறது. அதே மேலூர் வட்டாரத்தில், சமணர் படுகையும் தமிழி கல்வெட்டும் உள்ள கீழவளவு மலையைச் சுற்றி கிரானைட்டுக்காக என்ன நடந்தது என்று செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அப்படியும் அங்கே டங்ஸ்டன் எடுக்க ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2025 ஜனவரியில்தான் ஏலம் ரத்தானது.

ஓவியக் கல் வாங்க ஆசையிருந்தால், பழைய நாற்காலியிலிருந்தோ பழைய சட்டத்திலிருந்தோ வந்த பலகையாகத் தேடுங்கள். புதுசு என்றால் எந்த மலை, எந்தக் குவாரி, அனுமதிச் சீட்டு உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வரவில்லையா, கல்லை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை சமையல் மேடைக்குக் கிரானைட் பார்க்கப் போகும்போதும் இதையே கேளுங்கள்.