உங்களுக்குத் தெரியுமா? ஒரு கம்பெனி லோடர், இன்னொரு கம்பெனி ஸ்னோ ப்ளோயர்

★ சாலைப் பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயரை 1925-ல் உருவாக்கியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர் ஆர்தர் சிகார். 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரம் அதை வாங்கியது. அது பனிக்கென்றே கட்டிய முழு வண்டி. இன்று வட அமெரிக்கப் பண்ணைகளில் அவ்வளவு செலவு வேண்டாம். கோடையில் மண் அள்ளும் ஸ்கிட் ஸ்டியர் லோடரின் வாளியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ப்ளோயரை மாட்டிவிடுகிறார்கள். மலிவாகக் கிடைத்த பழைய ப்ளோயர் வேறு கம்பெனியுடையதாக இருந்தால்தான் சிக்கல்.

★ அந்த லோடர் பிறந்த கதையில் பனியே இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில், வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய, தூண்களுக்கு நடுவே திரும்பக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டியிருந்தது. 1957-ல் சிரில், லூயி கெல்லர் சகோதரர்கள் தங்கள் பட்டறையில் அதைச் செய்துகொடுத்தார்கள். 1962-ல் அந்த வம்சத்துக்கு ‘பாப்கேட்’ என்று பெயர் வந்தது.

★ இரும்போடு இரும்பு பொருந்துவதில் பெரிய தகராறு கிடையாது. பாப்கேட் 1970-ல் கொண்டுவந்த மாட்டும் தகட்டின் வடிவத்தையே மற்றவர்களும் பின்பற்றினார்கள்; இப்போது அதற்கு ஐ.எஸ்.ஓ. 24410 என்ற தர எண்ணே உண்டு. தகட்டின் மேல் விளிம்பை ப்ளோயரின் உதட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால், கீழே இரண்டு ஆப்பு முளைகள் துளைகளில் இறங்கும். இறங்கிவிட்டதா என்று கீழே இறங்கிக் கண்ணால் பார்ப்பது நல்லது. டிராக்டர் லோடர்களும், நின்றுகொண்டு ஓட்டும் குட்டி லோடர்களும், சில பழைய லோடர்களும் இந்தக் கணக்கில் வராது. நடுவில் ஒரு மாற்றுத் தகடு வைக்கலாம்; ஆனால் ப்ளோயர் அந்த அளவுக்கு முன்னே தள்ளிப்போகும், வண்டி தாங்கும் எடை குறையும்.

★ உண்மையான பொருத்தம் பார்க்க வேண்டியது ஆயிலில். ப்ளோயருக்குத் தனி என்ஜின் இல்லை. லோடரின் ஹைட்ராலிக் ஆயில்தான் அதன் மோட்டாரைச் சுற்றுகிறது. நடுத்தர லோடர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 90 லிட்டர் தரும்; ‘ஹை ஃப்ளோ’ வசதி இருந்தால் 100 முதல் 150 வரை போகும். லிட்டரை அழுத்தத்தால் (பார் கணக்கில்) பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 75 லிட்டர், 200 பார் என்றால் 25 கிலோவாட். 130 லிட்டர், 230 பார் என்றால் ஏறக்குறைய 50. ஹை ஃப்ளோ ப்ளோயரைச் சாதாரண லோடரில் மாட்டினால் அது பனியை வீசாது, பக்கத்தில் கொட்டும். மாறாக, சாதாரண ப்ளோயரை ஹை ஃப்ளோவில் ஓட்டினால் இன்னும் மோசம்: சின்ன மோட்டார் அளவுக்கு மீறிச் சுற்றிச் சூடேறும், சீல் போகும்.

★ சில ப்ளோயர்களில் இரண்டு பெரிய ஹோஸ்களோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய ஹோஸ் தொங்கும். மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் வழி அது. இதை மாட்டும்போது முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கடைசியில். ‘இது எதற்கு’ என்று விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்டின் சீல் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

★ கம்பெனிகள் கைகோக்காத இடம் மின்சார பிளக். பனி வீசும் குழாயைத் திருப்பவும், அதன் மூடியை ஏற்றி இறக்கவும் வரும் கட்டளை இதன் வழியாகத்தான் போகிறது. பிளக்கில் 14 பின், 8 பின், 7 பின் எல்லாம் உண்டு. 14-க்கு 14 ஒத்துப்போனாலும் மகிழ வேண்டாம்; எந்தப் பின்னில் எந்த வேலை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில லோடர்கள் பட்டனை அமுக்கியதும் நேராக 12 வோல்ட் அனுப்பும். பாப்கேட் போன்றவற்றில் நடுவே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உட்கார்ந்து லோடரின் கணினியோடு பேசும். வெறும் வயரை மாற்றிக் கட்டி இதைத் தீர்க்க முடியாது. கேபினில் தனியாக ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, ஃப்யூஸ் போட்ட வயரை நேராக ப்ளோயரின் வால்வுக்கு இழுத்துவிடுவது பலர் கையாளும் வழி. அழகாக இருக்காது, வேலை செய்யும்.

★ ஹோஸ் கப்ளர் உள்ளே போக மறுத்தால் சுத்தியலைத் தேட வேண்டியதில்லை. குளிரில் மாட்டிக் கழற்றிய ப்ளோயரைச் சூடான கொட்டகையில் வைத்திருந்தால், உள்ளே சிக்கிய ஆயில் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும். அதை முறைப்படி இறக்கிவிட்டால் கப்ளர் தானாகப் போகும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் அது. கசிவைத் தேட அட்டைத்துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

★ பனிக்குள் கல் சிக்கினால் உடைவதற்கென்றே ப்ளோயரில் ஒரு போல்ட் இருக்கிறது, ஷியர் போல்ட். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்த கல்லுக்கு உடைவது கியர் பெட்டி.