கீமோவும் கரண்டும் சேர்த்துத் தரும்போது

கத்தி பட்டால் பரவுமா?

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் ராத்திரி ஷிப்டில் கண் சொக்காமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அதக்குகிறார். வருஷங்கள் கழித்து அதே இடத்தில் ஆறாத புண். வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, கழுத்தில் நெறி கட்டுகிறது. புண் பெரிதாகித் தாடை எலும்பைத் தொட்டாலோ, கழுத்து நெறிக்குப் பரவினாலோ அதை முற்றிய நிலை என்கிறார்கள்.

அப்போது வீட்டில் எழும் முதல் பேச்சு, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பது. அது உண்மையல்ல. வாய்ப்புற்றில் முடிந்தவரை அறுவை சிகிச்சைதான் முதலில். வெட்டிய ஓரத்தில் புற்றணு மிஞ்சியிருந்தாலோ, நெறியின் உறையைத் தாண்டிப் புற்று வெளியேறியிருந்தாலோ, அதன்பின் கதிர்வீச்சோடு (பேச்சு வழக்கில் கரண்ட்) கீமோ மருந்தும் சேர்கிறது. அறுக்கவே முடியாத கட்டிக்கும் பெரும்பாலும் இந்தச் சேர்க்கைதான் வழி.

அடையாறில் நடந்த முயற்சி

இந்தச் சேர்க்கை வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்த வித்தை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிளியோமைசின் மருந்தை வைத்து அவர்கள் செய்த ஆய்வுகள் 1970-களிலேயே வெளிவந்தன. புகையிலை மெல்லும் ஏழைகள் முற்றிய கட்டியோடு வந்துகொண்டே இருந்த இடத்தில் பிறந்த அறிவு அது.

சேர்ந்தால் என்ன ஆகிறது?

கதிர் புற்றணுவின் மரபு இழையை உடைக்கிறது. அணு அதைச் சீர்செய்யப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அந்தச் சீரமைப்பைத் தடுக்கிறது. அதனால்தான் ஒன்று முடிந்து மற்றொன்று என்றில்லாமல் ஒரே காலத்தில் தருகிறார்கள். தலை, கழுத்துப் புற்றுக்கான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களைவிட இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 6.5 பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த ஆறேழு வீடுகளில் எதுவும் அப்படி நினைக்காது.

சிறுநீரகமோ காதோ பழுதானவர்களுக்கு சிஸ்பிளாட்டின் ஒத்துவராது. அவர்களுக்கு டோசிடாக்சல் மருந்தைக் கதிர்வீச்சோடு தரலாம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு 2023-ல் காட்டியது.

பாதியில் விடக் கூடாது

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறிலிருந்து ஏழு வாரம் கரண்ட் வைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகும், எச்சில் வற்றும், சோறு இறங்காது. பலர் ஊருக்குத் திரும்பிவிடுவது இந்த வாரத்தில்தான். வாரக் கூலி நின்றுபோன வீட்டின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்றணுக்கள் மறுபடி பெருகுகின்றன. அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடலாம்.

ஆகவே முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஆட்டம் கண்ட பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. விழுங்க முடியாமல் போனால் மூக்குவழிக் குழாயில் கஞ்சி, பால் கொடுக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். புகையிலையை அன்றே துப்பிவிட வேண்டும்.

தினமும் ஊரிலிருந்து திருத்தணி வந்து ரயிலேறிச் சென்னை போய்த் திரும்புவது அந்த உடம்புக்கு ஆகாது. தங்க இடம் கிடைக்குமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை; காஞ்சிபுரம் காரப்பேட்டையிலும் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் நாளிலேயே காட்டிவிடுங்கள்.