இருட்டினால்தான் கேட் திறக்கும்! சிங்கப்பூரில் ஒரு 'ராத்திரி' மிருகக்காட்சி சாலை

மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் ஒரே புகார்தான். "புலி தூங்குது சார்! சிறுத்தை தலையைக்கூடத் தூக்கலே!"

புலி மேல் தப்பு இல்லை. பகல், அதற்குத் தூங்கும் நேரம். பாலூட்டி மிருகங்களில் பெரும்பாலானவை இருட்டிய பிறகுதான் இரை தேடிக் கிளம்பும்.

இதற்காகவே சிங்கப்பூரில் ஒரு மிருகக்காட்சி சாலை நடக்கிறது. பெயர் 'நைட் சபாரி'. இரவுக்கென்றே உலகில் முதன் முதலாகக் கட்டப்பட்டது இதுதான். மண்டாய் பகுதியில் சுமார் 86 ஏக்கரில், 6 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டாலர் செலவில் அமைத்து, 1994-ம் ஆண்டு மே மாதம் திறந்தார்கள்.

நிலா வெளிச்சம்

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷம் முழுவதும் மாலை 7 மணி சுமாருக்குப் பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகுதான் இங்கே கூட்டம் சேரும். நள்ளிரவு வரை பார்க்கலாம்.

பக்கவாட்டில் திறந்த டிராம் வண்டியில் ஏறினால் சுமார் 40 நிமிஷத்தில் ஒரு சுற்று. கம்பிக் கூண்டு கண்ணில் படாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். மிருகத்துக்கும் நமக்கும் நடுவே அகழியும், தண்ணீரும், மறைவான தடுப்புகளும் இருக்கின்றன.

விளக்குகள் நிலா வெளிச்சம் போல மங்கலாகத்தான் எரியும். "ஒண்ணும் தெரியலையே" என்று அவசரப்படக் கூடாது. சில நிமிஷத்தில் கண் பழகிவிடும். ஆனால் யாராவது ஒருத்தர் கேமராவில் பிளாஷ் அடித்தால் போச்சு! இருட்டுக்குப் பழகிய மிருகத்தின் கண் கூசும். ஆகவே பிளாஷுக்குத் தடை.

மூட்டை மூட்டையாகச் செதில்

இங்கே அவசியம் பார்க்க வேண்டிய பிராணி எறும்புத்தின்னி. உடம்பு முழுக்கச் செதில். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். புலியே வந்தாலும் பிரிப்பது கஷ்டம். ஆனால் கடத்தல்காரனுக்கு அதுவே வசதி. ஓடாத பிராணியைத் தூக்கிச் சாக்கில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதே சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் பிடிபட்டது. நைஜீரியாவில் இருந்து வியட்நாமுக்குப் போகவேண்டிய சரக்கு. 'உறைந்த மாட்டிறைச்சி' என்று பதிவு. திறந்து பார்த்தால் 12.9 டன் எறும்புத்தின்னிச் செதில்! சுமார் 17 ஆயிரம் பிராணிகளைக் கொன்று எடுத்தது என்று கணக்கிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மேலும் 12.7 டன் சிக்கியது.

நாட்டு மருந்துக்கு என்றுதான் இந்த வியாபாரம். செதிலில் இருப்பது நம் விரல் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான்.

பகலில் பொந்தில் கிடக்கும் இந்தப் பிராணி உயிரோடு நடமாடுவதை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. மண்டாயில் பார்க்கலாம். ஆனால் டிராமில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால் நடக்காது. நடைபாதையில் இறங்கி, சத்தம் போடாமல், கொஞ்ச நேரம் காத்து நிற்க வேண்டும்.