மழைப் பயணத்தில் பிள்ளை எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது

இந்தப் பொங்கலுக்குக் கல்கிசையில் இருந்து கிளிநொச்சிக்கு வானில் போனோம். நான், கணவர், இரண்டரை வயது மகள், அக்காவின் மகன். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டபோது காலி வீதியில் தூறல்கூட இல்லை. புத்தளம் தாண்டி அநுராதபுரம் வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் முழு வேகத்தில் ஓடியும், முன்னால் போன லொறியின் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

வானின் கூரையில் மழை விழுகிற சத்தம் ஒரு கட்டத்தில் தறப்பாளில் விழுகிற சத்தமாக எனக்குக் கேட்கத் தொடங்கியது. கணவர் வேகத்தைக் குறைத்தார். "நிக்காதேங்கோ, ஓடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அதுவரை கண்ணாடியில் வழியும் தண்ணீரை விரலால் துரத்தி விளையாடிக்கொண்டிருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"சித்தி, உங்கட முகத்தைப் பார்த்துத்தான் அவள் அழுகிறாள்" என்றான் அக்காவின் மகன்.

அவன் சொன்னது சரி. அது ஆய்வுகளில் பதிவான உண்மையும்கூட. 1985இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடி மேசையில் விட்டுப் பார்த்தார்கள். மேசையின் நடுவில் ஒரு சிறிய பள்ளம் இருப்பது போலத் தெரியும். மேலே கண்ணாடி இருப்பதால் விழ முடியாது. மறுகரையில் தாய் நிற்பார். தாய் மகிழ்ச்சியான முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். தாய் பயந்த முகத்தோடு நின்றபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றுதான், முகம்தான் வேறு. என்னவென்று விளங்காத ஒன்றைக் கண்டால், அது பயப்பட வேண்டியதா இல்லையா என்பதைப் பிள்ளை தாய் தகப்பனின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

அக்காவின் மகனுக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் தறப்பாள் கட்டி இருந்தோம். பங்கருக்குள் தண்ணீர் நின்றது. ஷெல் சத்தம் கேட்டால் இறங்க இடமில்லை. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மழையில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தபோதும் அவன் எங்கள் கைகளில்தான் இருந்தான்.

மூன்று வயதுக்கு முன் நடந்தவை அநேகமானோருக்கு நினைவில் நிற்பதில்லை. அவனுக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் மழை பெய்கிற இரவுகளில் செருப்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பான். ஏனென்று கேட்டால், "தெரியாது சித்தி, அம்மாவும் அப்பிடித்தானே" என்பான். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனவடு தனி ஆட்களோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று தொடர்ந்து எழுதி வந்தவர். எங்கள் வீட்டில் அது ஒரு சோடிச் செருப்பாக இருக்கிறது.

நின்றால்தான் உயிர்

"நிக்காதேங்கோ, ஓடுங்கோ" என்று நான் ஏன் சொன்னேன் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். போரில் நின்றால் ஆபத்து, ஓடினால் உயிர். உடம்பு அதைத்தான் படித்து வைத்திருக்கிறது. மழை வீதியில் கணக்கு நேரெதிர். இங்கே ஓடிக் கடக்கப் பார்ப்பதுதான் ஆளைக் கொல்லும்.

ஈரமான வீதியில் வேகமாகப் போகும்போது ரயருக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் ஒரு படலமாக நுழைந்துவிடும். அந்த நேரத்தில் வாகனம் வீதியில் இல்லை, தண்ணீரின் மேல் மிதக்கிறது. பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. அப்படி வழுக்கினால் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். தேய்ந்த ரயரில் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். வாடகை வான் என்றால் ஏறுவதற்கு முன் நான்கு ரயரையும் குனிந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளம் இன்னும் பொல்லாதது. முழங்காலுக்கும் கீழே, ஓர் அடி ஆழத்தில் ஓடும் தண்ணீர் ஒரு சிறிய காரைத் தூக்கிவிடும். இரண்டு அடித் தண்ணீர் அநேகமான வாகனங்களை இழுத்துப் போகும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இந்த நாட்டில் 600 பேருக்கு மேல் கொன்றது. அப்போது கலா ஓயாப் பாலத்தில் வெள்ளத்தில் சிக்கிய பஸ்ஸின் பயணிகளைக் கடற்படையினர் மீட்டதை எல்லோரும் பார்த்தோம். நாங்கள் போனதும் அதே வீதிதான்.

மழை விட்டாலும் வெள்ளம் வரும்

கொழும்புப் பக்கம் இருக்கிறவர்கள் வடக்கின் மழையை இங்குள்ள மழையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. கொழும்புக்கு மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஒக்ரோபர், நவம்பர் மழையும் உண்டு. கல்கிசையில் ஒழுங்கை நிறையத் தண்ணீர் நின்றாலும் சில மணி நேரத்தில் கடலுக்கு வடிந்துவிடும். வன்னிக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையிலான சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்கிறது. அந்தத் தண்ணீரைத் தேக்கத்தான் அங்கே இத்தனை குளங்கள். குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால், வானம் வெளித்த பிறகும் கீழே உள்ள வீதிக்கு வெள்ளம் வரும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் கண்டது இதுதான். ஆகவே "மழை விட்டிட்டுது, போகலாம்" என்பது போதாது. போகும் வழியில் உள்ள குளங்களின் நிலை என்ன என்று அங்கே இருக்கும் உறவினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

பிள்ளையோடு போகும்போது

பிள்ளையை மடியில் வைத்திருப்பது பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் 12 கிலோ எடையுள்ள பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது. பின்சீற்றில் சிறுவர் ஆசனம் பூட்டி அதில் இருத்துவதுதான் வழி. விலை அதிகம் என்றால், பிள்ளை வளர்ந்துவிட்ட உறவினரிடம் இரவல் கேட்கலாம். ஆனால் விபத்தில் அடிபட்ட ஆசனத்தை வாங்காதீர்கள்.

குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், ஜீவனி இரண்டு பக்கற், மாற்று உடுப்பு, பிஸ்கற், ஒரு துவாய். இவை பின்னால் பெட்டிக்குள் அல்ல, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியில் புகார் படிந்தால் ஏசியைப் போட்டால் வெளிக்கும். இடி முழங்கினால் வானுக்குள்ளேயே இருங்கள், மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்.

ஏ9 வீதியில் இன்னொன்று. பிள்ளைக்கு அவசரம் என்று வீதியோரப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது. வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்திருந்ததை வெளியே கொண்டுவரும், இடம் மாற்றியும் போடும். சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக அந்த இடம் துப்புரவானது என்று நினைக்காதீர்கள். கடையிலோ எரிபொருள் நிலையத்திலோ நிறுத்துங்கள்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

அன்று ஒரு தேநீர்க் கடையைக் கண்டதும் கணவர் வானை ஓரம் கட்டினார். ஒன்றேகால் மணித்தியாலம் நின்றோம். முதலில் எனக்குத்தான் தேத்தண்ணி தந்தார்கள். அது சரியான ஒழுங்கு. முதலில் பெரியவர் ஆற வேண்டும், அப்போதுதான் பிள்ளை ஆறும்.

பயமே இல்லாத மாதிரி நடித்தால் பிள்ளை ஏமாறாது. சிரித்தாலும் கை இறுகியிருப்பது அதற்குத் தெரியும். அதைவிட, சின்ன உண்மையைச் சின்னச் சொல்லில் சொல்லலாம். "பெரிய மழை. சத்தம் கூட. அம்மாவுக்கும் கொஞ்சம் பயமாக் கிடந்தது. இப்ப நிக்கிறம். மழை குறையப் போவம்." இரண்டரை வயதுக்கு இதற்கு மேல் தேவையில்லை. தறப்பாளையும் பங்கரையும் பற்றி அவள் ஒருநாள் கேட்பாள். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதை அவள் என் வாயால் கேட்டு அறிய வேண்டும். மழை பெய்யும்போதெல்லாம் என் முகத்தில் இருந்து பொறுக்கி எடுக்கக் கூடாது.

மகள் கடை வாசலில் நின்று பீலியால் கொட்டும் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

கிளிநொச்சிக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. அம்மம்மா வாசலிலேயே நின்றார். "மழைக்குள்ள ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். "நிண்டு நிண்டு வந்தனாங்கள்" என்றேன். அன்றிரவும் மழை பெய்தது. அக்காவின் மகனுடைய செருப்பு தலைமாட்டில்தான் இருந்தது. மகளின் செருப்பு முற்றத்தில் கிடந்து நனைந்தது.