குற்றாலத்திலிருந்து போன கடிதங்கள்

எழுதிப் பழகியவர்கள் – 9

பெயர் வாங்க எழுதுகிறவரின் முன்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. தன் மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ள எழுதுகிறவரின் முன்னால் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். அது ஒரு நண்பராக இருக்கலாம், எழுதுகிறவராகவே இருக்கலாம். இந்த இரண்டாம் வகை எழுத்து எப்படி ஒரு மனிதரை வளர்க்கிறது என்று பார்க்க, தமிழில் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அச்சுக்குப் போகும் எண்ணமில்லாமல் எழுதப்பட்ட கடிதங்களும், ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள கையெழுத்துப் பத்திரிகைகளும் இந்தப் பக்கத்தில் பலரை உருவாக்கியிருக்கின்றன.

முதலில் வருகிறவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சட்டம் படித்தவர், சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர், 1930-களின் முற்பகுதியில் அறநிலையங்களுக்கான ஆணையராகப் பணியாற்றியவர். இந்தப் பதவிகளைக் கொண்டு அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனைப் பேசிய வட்டத்தொட்டியையும், பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறி அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களையும் வைத்தே நினைக்கிறார்கள். 1954 பிப்ரவரி 16 அன்று அவர் மறைந்தார்.

வட்டத்தொட்டிக்குத் தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். டி.கே.சி. அதைப் பாடுவார், நிறுத்துவார், சொல்லைப் பிரித்துக் காட்டுவார், மறுபடியும் பாடுவார். ஒரே பாட்டில் ஒரு மாலை முழுவதும் போய்விடும். அவர் குற்றாலத்துக்குப் போனபின் அதே வேலையைத் தபால் செய்தது. சாரல் விழத் தொடங்கியது, அருவியில் தண்ணீர் எப்படி, விருந்தாளிகள் யார், என்ன சாப்பிட்டார்கள் என்று தொடங்கும் கடிதம் சட்டென்று ஒரு கம்பன் பாட்டுக்குள் இறங்கிவிடும். எதிரே இருப்பவரிடம் பேசுகிற தமிழ்தான் கடிதத்திலும். பண்டித நடை கொடிகட்டிப் பறந்த காலத்தில் உரைநடையை இவ்வளவு இளக்கமாக எழுதத் துணிந்தவர்கள் குறைவு. அந்தத் துணிவு, கடிதம் என்ற வடிவத்தால் வந்தது என்றே கருத வேண்டும். நண்பரிடம் யாரும் பண்டித நடையில் பேசுவதில்லை.

ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவருடைய நெருங்கிய நண்பர்கள். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகாராஜனும், ஆட்சிப் பணியில் உயர்ந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானும் அவரிடம் பழகி வளர்ந்தவர்கள். மகாராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழில் மொழிபெயர்த்தார். சாகித்திய அகாதெமிக்காகக் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று கோயில்களைப் பற்றித் தொடர் எழுதினார். இருவருக்கும் எழுத்து பிழைப்பு அல்ல. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் கோப்பு பார்த்துவிட்டு, ஒரு மூத்த நண்பரோடு பாட்டைப் பற்றிப் பேசியும் எழுதியும் பழகியவர்கள். அந்தப் பழக்கத்திலிருந்துதான் புத்தகங்கள் வந்தன.

ஒருவருக்கு எழுதுவது ஏன் பயிற்சியாகிறது என்பதற்குக் காரணம் எளிது. அந்த ஒருவருக்கு எழுதுகிறவரைத் தெரியும். கூட்டத்திடம் செல்லுபடியாகும் ஜாலம் அவரிடம் செல்லாது. ஒரு பாட்டு அருமையாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால், எங்கே அருமை என்று அடுத்த தபாலில் கேட்பார். ஆகவே எழுதும்போதே அதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது. தேடும்போதுதான் தனக்கே விடை தெரியவில்லை என்பது புலப்படுகிறது. அங்கே வளர்ச்சி தொடங்குகிறது. பதில் வர நாலைந்து நாள் ஆவதும் நல்லதுதான். எழுதியவர் அதற்குள் தன் கருத்தைத் தானே ஒருமுறை மறுபரிசீலனை செய்துவிடுவார். இந்தியாவில் 1879-ல் கால் அணா விலையில் வந்த தபால் அட்டை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது: இருக்கிற இடத்துக்குள் சொல்லி முடிப்பது.

ஒருவருக்காக எழுதப்பட்டது சில சமயம் கவிதையாகவும் வந்திருக்கிறது. டி.கே.சி.யின் மகன் தீபன் என்கிற தீத்தாரப்பன் இளம் வயதில் இறந்தபோது, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டிலிருந்து ஆறுதலாகப் பாட்டு எழுதி அனுப்பினார். துக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பனைத் தவிர வேறு வாசகர் அதற்கு இல்லை. கவிமணியின் பாட்டுகளை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவர் டி.கே.சி. என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் பெயரைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாதவர், அடுத்தவர் பெயரைப் பரப்புவதில் சலிக்கவே இல்லை.

ஆனால் டி.கே.சி.யைத் துறவி போலக் காட்டுவது தவறு. மேடைப் பேச்சில் அவர் பெயர்பெற்றவர். 'கல்கி' இதழில் கம்பனைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றார். கம்பராமாயணத்தில் பல பாட்டுகள் இடைச்செருகல் என்று ஒதுக்கியும், சில சொற்களைத் திருத்தியும் அவர் பதிப்பித்தது புலவர்களைக் கொதிக்க வைத்தது. ரசனையை மட்டும் அளவுகோலாக்கி ஏட்டுச் சான்றை ஒதுக்கிய அந்தப் பதிப்பு முறையை இன்றைய பதிப்பாசிரியர்கள் ஏற்பதில்லை, ஏற்காததுதான் சரி. எங்கும் ஒரே மனம் கொண்ட நண்பர்கள் வட்டத்தின் ஆபத்து இது. தலையாட்டுகிறவர்கள் மட்டும் கடிதம் எழுதினால் தவறு திருந்தாது.

குற்றாலத்துக்கு டி.கே.சி.யைப் பார்க்கப் போன இளைஞர்களில் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் கிராமத்தைச் சேர்ந்த இருவர் உண்டு: கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். ஒரே ஊர், ஒரே வயது. அழகிரிசாமியின் முதல் கதை 1943-ல் 'ஆனந்த போதினி'யில் வந்துவிட்டது. அவர் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார்; கி.ரா. ஊரில் விவசாயத்தோடு நின்றார். இடையில் கடிதம். புத்தகம், சங்கீதம், ஊர்ச் செய்தி, உடம்புக்கு முடியாதது என்று எல்லாமும் அதில் உண்டு. கி.ரா.வுக்கு அழகிரிசாமி எழுதியவை பிற்பாடு தனி நூலாகவே வந்தன.

இதில் கி.ரா.வின் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அவருடைய 'மாயமான்' கதை 'சரஸ்வதி'யில் வந்தது 1958-ல். அப்போது அவருக்கு வயது 35 அளவில். இந்தக் காலத்துக் கணக்கில் மிகவும் தாமதம். ஆனால் அந்தக் கதையிலேயே அவருடைய தமிழ் தயாராக இருந்தது. கரிசல் காட்டுச் சம்சாரி பேசுகிற வாக்கியத்தை அச்சில் எப்படி நிறுத்துவது என்று அவர் அதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தார். அச்சிட்ட கதை எதுவும் இல்லாத அந்த ஆண்டுகளில் அவர் எழுதியது கடிதங்கள்தான். பின்னாளில் 'ஜூனியர் விகடன்' தொடருக்கு 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று பெயர் வைத்ததும் பொருத்தமே. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் அறுபடவில்லை. ராஜவல்லிபுரம் வல்லிக்கண்ணன் (1920–2006) சிற்றிதழ் நடத்திய பெயர் தெரியாத இளைஞர்களுக்கெல்லாம் அட்டை எழுதிக்கொண்டே இருந்தார். வண்ணதாசனின் கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்ற தொகுப்பாயின. வண்ணநிலவன் நடத்திய 'பொருநை' ஒரு கையெழுத்துப் பத்திரிகை. கலாப்ரியா கவிதை எழுதத் தொடங்கியது அதில்தான். கையெழுத்துப் பத்திரிகை என்றால் ஒரு பிரதி, கையால் எழுதியது, வீடு வீடாகச் சுற்றி வரும். படித்தவர்கள் கருத்தெழுதக் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் விடுவார்கள். எழுதியவருக்குத் தன் வாசகர்கள் அத்தனை பேரின் முகமும் தெரியும். தென்காசிக்குப் பக்கத்து இடைகால் ஊரில் குடியேறி வங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த கலாப்ரியா, பிற்பாடு குற்றாலத்தில் 'பதிவுகள்' என்ற பெயரில் கவிஞர்களைக் கூட்டி உட்கார வைத்துக் கவிதை பேசச் செய்தார். சாரல் காலத்துச் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே அப்படியும் ஒரு கூட்டம் நடந்தது.

உலகத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டு. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் போர்முனைகளில் இருந்தபோது கிரேக்க மொழியில் தனக்குத்தானே எழுதிய குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன. பிரான்சின் மோந்தேய்ன் 1571-ல் பதவியை விட்டுத் தன் வீட்டுக் கோபுரத்துக்குத் திரும்பி, தன்னையே ஆராய்ச்சிப் பொருளாக்கி எழுதத் தொடங்கினார். 1580-ல் நூல் அச்சானது. அச்சான பிரதியின் ஓரங்களிலும் 1592-ல் சாகும்வரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். கருத்து மாறினால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதை எழுதினார். தமிழில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு வேறு ரகம். அவர் கண்ணும் காதும் வெளியுலகத்தின் மேலேயே இருந்தன: கப்பல், வியாபாரம், துரைமார் பேச்சு, போர். அந்தரங்கமாக எழுதுகிறவர் தன்னைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று விதி இல்லை.

எழுதுவது உள்ளத்துக்கு என்ன செய்கிறது என்பதை உளவியலாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. பின்னால் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. 'ஆகவே', 'அதனால்' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்குப் பலன் அதிகம் என்று பென்னிபேக்கர் கண்டார். நடந்ததற்குக் காரணம் தேடத் தொடங்கியவர்கள் அவர்கள். அதே புலம்பலை நாலு நாளும் எழுதியவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

ஆகவே அந்தரங்க எழுத்து எல்லாமே வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. பழைய மனக்குறையைப் பத்து வருடம் நாட்குறிப்பில் எழுதி, அதைக் கெட்டிப்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. புகழுக்காக எழுதியவர்கள் எல்லாரும் வளராமல் போனதும் இல்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக 'குறவஞ்சி மேடு' என்ற நிலம் கிடைத்ததாகச் சொல்வார்கள். பரிசு கிடைத்ததால் அந்தப் பாட்டின் தரம் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

வித்தியாசம் எழுதிப் பழகும் கட்டத்தில்தான் இருக்கிறது. பழகுகிறவர் தப்பாக எழுத வேண்டும், திருத்த வேண்டும், நேற்றைய கருத்தை இன்று கைவிட வேண்டும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் கடினம். ஒருமுறை கைத்தட்டல் வாங்கிய வாக்கியத்தையே மறுபடியும் எழுதச் சொல்லும் கூட்டம். இப்போது கைப்பேசியில் எழுதியதற்கு அடுத்த நிமிடமே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கை வந்துவிடுகிறது. எழுதத் தொடங்கும் இளைஞருக்கு அந்த எண் ஒன்றும் கற்றுத்தராது; எங்கே புரியவில்லை என்று ஒரு நண்பர் எழுதும் இரண்டு வரி கற்றுத்தரும்.

டி.கே.சி.யின் கடிதங்கள் அவர் மறைவுக்குப் பிறகுதான் நூலாயின. அதற்குக் காரணம், பெற்றுக்கொண்ட நண்பர்கள் ஒவ்வொருவரும் அவற்றைக் கிழித்துப் போடாமல் எடுத்து வைத்திருந்ததுதான்.